சரோஜாவுக்குப் போக்கிடம் ஏது?

பெருமாள்முருகனின் ‘பூக்குழி’யை எங்கள் தருமபுரிக்காரர்கள் எடுத்ததும் கதைக்குள் போய்விட முடியாது. 2013இல் காலச்சுவடு வெளியிட்ட அந்த நாவலை எங்கள் இளவரசனுக்குத்தான் காணிக்கையாக்கியிருக்கிறார். நத்தம் காலனிப் பையன். சாதி தாண்டி அவர் செய்த கல்யாணத்துக்காக 2012 நவம்பரில் மூன்று காலனிகள் எரிந்தன. அடுத்த ஆண்டு ஜூலை 4ஆம் தேதி, அரசு கலைக் கல்லூரிக்குப் பின்னால் தண்டவாளத்தின் ஓரமாக அவர் உடல் கிடந்தது. அந்தப் பெயரைப் பார்த்த பிறகு பக்கத்தைப் புரட்டக் கை வருமா?

புரட்டினால் கீழே வைக்க முடியாது என்பது வேறு விஷயம். என்ன ஒரு எழுத்து! சோடாக் கடையில் தொழில் கற்ற குமரேசன், தோலூரில் பழகிய சரோஜாவைக் கல்யாணம் முடித்துத் தன் ஊரான காட்டுப்பட்டிக்குக் கூட்டி வருகிறான். கதை அவ்வளவுதான். ஆனால் சரோஜா என்ன சாதி என்பதைக் கடைசிவரை ஆசிரியர் சொல்வதே இல்லை. ஊர் கேட்கிறது, மாமியார் மாராயி கேட்கிறாள், படிக்கிற நாமும் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டே போகிறோம். நம்மையும் அந்த ஊர்க்கூட்டத்தில் ஓர் ஆளாக உட்கார வைத்துவிடுகிறாரே, அந்த ஒன்றுக்காகவே அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும்.

அவளைப் பார்க்க வரும் பெண்களைக் கவனியுங்கள். சரோஜாவின் நிறத்தைப் பார்த்ததுமே, இது வெயிலில் காடுகரை வேலை செய்த உடம்பில்லை, நம்ம சாதியாக இருக்க முடியாது என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். இளவயதிலேயே தாலியறுத்து ஒற்றை ஆளாக மகனை வளர்த்த மாராயியோ, உயிரோடு இருக்கிறவனுக்கே ஒப்பாரி வைக்கிறாள். அவளை வெறுக்கவும் முடியவில்லை. தான் நியாயத்தின் பக்கம் நிற்பதாக அவள் முழுசாக நம்புகிறாள். அதுதான் நெஞ்சை அடைக்கிறது.

எம்.ஏ. ஆங்கிலம் படித்தபோது அமெரிக்க இலக்கியத்தில் எனக்கு மிகவும் பிடித்தவை இரண்டு நாவல்கள். ஒன்று, 1850இல் ஹாதார்ன் எழுதிய ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’. ஊர் குத்திய அவமான எழுத்தை நாயகி ஹெஸ்டர் தங்க இழையால் அலங்கரித்து நெஞ்சில் சுமப்பாள். குழந்தையின் தகப்பன் பெயரை மட்டும் கடைசிவரை ஊருக்குச் சொல்ல மாட்டாள். இன்னொன்று மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’. அடிமை ஜிம் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்க எழுதிய கடிதத்தை ஹக் கிழித்துப் போடும் இடம் வரும். தான் செய்வது பாவம், நரகம்தான் கிடைக்கும் என்று மனசார நம்பிக்கொண்டே ஒரு சிறுவன் சரியான காரியத்தைச் செய்கிறானே! எத்தனை முறை படித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஆனாலும் சொல்கிறேன், ‘பூக்குழி’ இந்த இரண்டையும் விட ஒரு படி மேலே போகிறது. ஹக்குக்கு மேற்கே ஒரு பிரதேசம் காத்திருக்கிறது, கிளம்பிப் போய்விடலாம். ஹெஸ்டர்கூடக் கடல் தாண்டிப் போய், தானாக விரும்பித்தான் திரும்பி வருகிறாள். சரோஜாவுக்குப் போக்கிடம் ஏது? பாறை மேல் ஒரு குடிசை. சுற்றிலும் மாமன் மச்சான் காடு. பேசத் துணையில்லை, ஊர் தள்ளிவைத்தாயிற்று. அந்தக் குடிசையில் பகல் முழுவதும் அவள் தனியாக உட்கார்ந்திருப்பதே ஊரை எதிர்ப்பதுதான். ஒரு வசனமும் பேசாமல் எதிர்க்கிறாள்!

எழுதியவருக்கும் அதே கதி வந்தது. அவருடைய இன்னொரு நாவலான ‘மாதொருபாக’னுக்கு எழுந்த எதிர்ப்பில், 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் உயிர்த்தெழுந்து எழுதட்டும் என்றது. அனிருத்தன் வாசுதேவன் ஆங்கிலத்தில் தந்த ‘பூக்குழி’ 2023இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலுக்குப் போனபோது தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

முடிவைப் பற்றித்தான் எனக்கும் நண்பர்களுக்கும் ஓயாத சண்டை. புதருக்குள் சரோஜா, சுற்றிலும் தீ, தூரத்தில் சைக்கிள் சத்தம். குமரேசன் வந்து சேர்ந்துவிட்டான் என்பது என் கட்சி. இல்லை என்பவர்கள் இன்னொரு முறை படித்துவிட்டு வாருங்கள், விடிய விடியப் பேசலாம்.