தெரு இல்லாத தெரு: பந்தயத் தடமும் நிலமும்

இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் உள்ள மோட்டார் சைக்கிள் பந்தயத் தடத்தின் முழுப்பெயர் 2022இல் 'பெர்தமினா மண்டாலிகா சர்வதேசத் தெருத் தடம்' என்றிருந்தது. பெர்தமினா என்பது அந்நாட்டு அரசாங்கத்தின் எண்ணெய்க் கம்பெனி. மண்டாலிகா, அத்தீவின் சசாக் மக்களுடைய கதையில் வரும் இளவரசி. 'சர்வதேசம்' நமக்குப் பழகிய சொல்தான். எனக்கு இடறுவது 'தெரு'. வரப்போகும் சுற்றுலா நகரத்துக்குச் சாலையாகவும் இது பயன்படும் என்ற திட்டத்தில் பிறந்த பெயராம். 4.3 கிலோமீட்டர் நீளம், 17 வளைவுகள், சுற்றிலும் வேலி. இந்தத் தெருவில் யார் வீடு இருக்கிறது? எந்தக் கடைக்குப் போக இதில் திரும்ப வேண்டும்?

தெருவிலேயே பந்தயம் ஓடிய காலம் உண்டு. இங்கிலாந்தில் வேகத்துக்குச் சட்டம் வரம்பு கட்டியிருந்தது. பந்தயத்துக்காகப் பொதுச்சாலையை மூடவும் அங்கே வழியில்லை. ஐரிஷ் கடலில் உள்ள மான் தீவுக்கோ தனிச் சட்டமன்றம் இருந்தது. அது சாலையை மூடிக்கொடுத்தது. 1907இல் தொடங்கிய போட்டி, 1911இலிருந்து மலைமேல் ஏறி இறங்கும் சுமார் 60 கிலோமீட்டர் பாதைக்கு மாறியது. 1949இல் உலகச் சாம்பியன் பட்டம் ஏற்படுத்தப்பட்டபோது முதல் போட்டி நடந்தது இந்தப் பாதையில்தான். வீட்டு வாசல், மதுக்கடை, கல்சுவர், பாலம் எல்லாம் வழியில் இருக்கும். ஓட்டம் முடிந்ததும் சாலை மறுபடியும் ஊராரிடம் வந்துவிடும். காலையில் சீறிய வளைவில் சாயங்காலம் ரொட்டி வண்டி திரும்பும்.

இதை வைத்துக்கொண்டு 'இழந்த தெரு' என்று ஒரு புலம்பல் எழுதிவிடலாம். நம் பத்திரிகைகளில் அப்படிப்பட்ட புலம்பல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்தக் கல்சுவர் ஓட்டுகிறவனுக்கு அழகியல் விஷயமல்ல. மலைப்பாதையில் இதுவரை செத்தவர்கள் இருநூற்றைம்பது பேருக்கும் மேல். 1972இல் மழையில் கில்பெர்த்தோ பார்லோத்தி விழுந்து செத்தார். அவருடைய நண்பர் ஜியாகோமோ அகோஸ்தீனி, அன்றைக்கு உலகத்தின் முதல் வீரர், இனி இந்தத் தீவில் ஓட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக விலகினார்கள். 1976க்குப் பிறகு மான் தீவுக்கு உலகச் சாம்பியன் போட்டி என்ற தகுதி இல்லாமல் போயிற்று. (போட்டி மட்டும் நிற்கவில்லை, இன்றைக்கும் நடக்கிறது, இன்றைக்கும் சாகிறார்கள்.)

மூடிய தடம் மட்டும் என்ன வாழ்ந்தது? 1973இல் இத்தாலியின் மோன்சாவில் யார்னோ சாரினனும் ரென்சோ பசோலினியும் ஒரே விபத்தில் இறந்தார்கள். அந்த வளைவின் ஓரத்தில் இருந்தது இரும்புத் தடுப்பு. கார் ஓட்டுபவர்களின் பாதுகாப்புக்காக வைத்தது. காருக்குள் உட்கார்ந்திருக்கும் உடலைக் காப்பாற்றும் இரும்பு, மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கியெறியப்படும் உடலைக் கொல்கிறது. 'பாதுகாப்பு' என்று பொதுவாக ஒன்று கிடையாது; யாருடைய உடலுக்கு என்று கேட்டாக வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க நான் கேட்க விரும்புவது அந்த ஒரு கேள்வியைத்தான்.

1979இல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் புதிதாகப் போட்ட தார் வழுக்கியது. முன்னணி வீரர்கள் ஓட்ட மறுத்து வெளியே வந்துவிட்டார்கள். அந்த வருஷக் கடைசியில் அமெரிக்கரான கென்னி ராபர்ட்ஸும் கூட்டாளிகளும், சர்வதேச சம்மேளனம் வேண்டாம், நாங்களே தனியாகப் போட்டி நடத்துகிறோம் என்று அறிவித்தார்கள். தனிப் போட்டி நடக்கவில்லை. ஆனால் மிரட்டலுக்குப் பலன் இருந்தது: பரிசுப்பணம் உயர்ந்தது, தடங்களின் நிலைமையைச் சம்மேளனம் கவனிக்க வேண்டிவந்தது. பின்லாந்தின் இமாத்ராவில் தடத்தின் குறுக்கே ரயில் தண்டவாளம் கிடந்தது. வண்டிகள் அதன்மேல் எகிறிப் போகும். 1982இல் ஜாக் டெய்லர் அங்கே மழையில் இறந்ததோடு அந்தத் தடமும் பட்டியலிலிருந்து போனது. ரேஸ் விடுறவன் பணக்காரப் பையன், அவனுக்கென்ன போராட்டம் என்று தோழர்கள் கேட்கலாம். உடலை விற்றுப் பிழைக்கிறவன், விற்பனையின் நிபந்தனைகளைப் பேசினான். இதைத் தொழிலாளர் போராட்டம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

சிக்கல் இதற்குப் பிறகுதான். வளைவின் வெளிப்புறத்தில், விழுந்தவன் எதிலும் மோதாமல் சறுக்கி நிற்பதற்குச் சரளை கொட்டிய பரப்பு வேண்டும். வேகம் கூடக்கூட அந்தப் பரப்பும் கூடும். கோரிக்கை வென்றது என்பதற்கு நிலமொழியில் அர்த்தம் இதுதான்: ஏக்கர் கணக்கில் ஆளில்லாத வெளி. வெளி சும்மா கிடைப்பதல்ல, உற்பத்தி செய்யப்படுவது என்று ஹென்றி லெஃபெவர் 1974இல் எழுதினார் என்று ஆரம்பித்தால் பாதிப்பேர் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். சரளைப் பரப்பையே பார்த்துக்கொள்ளுங்கள், போதும். இங்கிலாந்துக்கு யுத்தம் விட்டுப்போன விமான ஓடுதளங்கள் கைவசம் இருந்தன. சில்வர்ஸ்டோன் அப்படி வந்ததுதான். (நம் சோழவரமும் அப்படித்தான். 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வரும்வரை சென்னைக்காரர்களின் பந்தயம் அந்தப் பழைய ஓடுதளத்தில்தான்.) போட்டி கிழக்கே நகர்ந்தது. மலேசியாவில் செபாங் 1999, தாய்லாந்தில் புரிராம் 2014. லொம்போக்கில் கைவிட்ட ஓடுதளம் எதுவும் கிடக்கவில்லை. கடற்கரையும் வயலும் குடிசைகளும் இருந்தன.

2018 டிசம்பரில் ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி மண்டாலிகா சுற்றுலாத் திட்டத்துக்கு 24.8 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. 2021 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை வல்லுநர்கள் சிலர் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டார்கள்: நிலம் பறிக்கப்படுகிறது, சசாக் மக்கள் நட்டஈடில்லாமல் வெளியேற்றப்படுகிறார்கள், எதிர்த்துப் பேசுகிறவர்கள் மிரட்டப்படுகிறார்கள். அரசு மறுத்தது. எல்லாம் சட்டப்படி வாங்கிய நிலம் என்றது. யாருடைய பத்திரம் செல்லும் என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதியில்லை. ஒன்றைச் சொல்லலாம்: தடம் தயாரான பிறகும் சில குடும்பங்கள் வேலிக்கு உள்ளேயே இருந்தன, போகவர அவர்களுக்கு இருந்தது தடத்தின் அடியில் போகும் சுரங்கவழி. பெயரில் தெரு, அந்தத் தெருவுக்குள் உண்மையிலேயே வீடு வைத்திருந்தவனுக்குப் பொந்து.

2022 மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை. அங்கே நடந்த முதல் மோட்டோ ஜிபி. காலை வெள்ளோட்டத்தில் மார்க் மார்க்கேஸை வண்டி ஆள் உயரத்துக்குமேல் தூக்கி எறிந்தது. எதிரே இரும்பு இல்லை, சுவர் இல்லை. எழுந்து நடந்தார். தலையில் அடி என்று மதியம் ஓட டாக்டர்கள் விடவில்லை. சாரினனுக்குக் கிடைக்காத வெளி மார்க்கேஸுக்குக் கிடைத்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம்தான். அந்த வெளிக்குமுன் அங்கே என்ன இருந்தது என்ற கேள்வி அந்தச் சந்தோஷத்தைக் கொஞ்சமும் பொய்யாக்காது. சந்தோஷமும் கேள்வியைத் தள்ளிவிடாது. இரண்டையும் ஒன்றாகச் சுமப்பதுதான் சிரமம்.

மதியம் பேய்மழை. போட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போயிற்று. மழையைக் கட்டுவதற்கென்று ஏற்பாடு செய்யப்பட்டிருந்த மந்திரக்காரப் பெண்மணி, கையில் உலோகக் கிண்ணத்தோடு ஈரத் தரையில் வெறுங்காலில் நடந்தார். உலகக் காமிராக்கள் எல்லாம் அவர் பின்னால். வீரர்கள் சிரித்துக்கொண்டே அவரைப்போல் செய்துகாட்டினார்கள். மழை விட்டது, 27 சுற்றுக்குப் பதில் 20 சுற்று ஓடியது, போர்ச்சுகலின் மிகெல் ஒலிவேரா ஜெயித்தார். இந்த ஒளிபரப்பை ஒரு பிரதியாக வாசித்தால் தெரிவது இதுதான். 'உள்ளூர்' வேண்டாம் என்று தடம் சொல்லவில்லை. மந்திரமாக, வேடிக்கையாக, இரண்டு நிமிடக் காட்சியாக வந்தால் நடுவீதியில் நடக்கவிடும். அதே உள்ளூர், நிலத்துக்குக் காசு வரலியே என்று கேட்டால் சட்டகத்துக்கு வெளியே. மூடநம்பிக்கை என்று நம்மூர் முற்போக்குக்காரர்கள் அந்தப் பெண்ணைக் கேலிபண்ணக் கிளம்பினால் காமிராவின் வேலையைத்தான் செய்வார்கள்.

இளவரசியின் கதையும் இந்தக் கடற்கரைக் கதைதான். அவளைக் கேட்டுப் பல அரசகுமாரர்கள் வருகிறார்கள். ஒருவனைத் தேர்ந்தெடுத்தால் யுத்தம் வரும். அவள் கடலில் குதித்துவிடுகிறாள். நியாலே என்னும் கடல்புழுக்களாக எல்லோருக்கும் பொதுவாகத் திரும்பி வருகிறாள். வருஷாவருஷம் பிப்ரவரி, மார்ச் வாக்கில் ஜனங்கள் விடிவதற்குமுன் கடலில் இறங்கி அவற்றை அள்ளுகிறார்கள். எவனுக்கும் தனியுடைமை ஆகமாட்டேன் என்று போனவளின் பெயருக்கு முன்னால்தான் எண்ணெய்க் கம்பெனி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு தகவல். போட்டிக்குமுன், 2022 பிப்ரவரியில், அதே தடத்தில் சோதனை ஓட்டம் நடந்தது. புதுத் தார் பெயர்ந்து முன்னால் போகிற வண்டியின் சக்கரத்திலிருந்து கல் தெறித்தது. பின்னால் வந்தவர்களுக்குக் கழுத்திலும் கையிலும் காயம். வீரர்கள் புகார் செய்தார்கள். கடைசி வளைவிலிருந்து ஐந்தாம் வளைவு வரை தாரைப் பெயர்த்து மறுபடியும் போட்டார்கள். எல்லாம் ஐந்து வாரத்துக்குள்.