கோலார் தங்கவயலும் எச்சரிக்கைத் தொடர்களின் தமிழாக்கமும்

ஆங்கிலத்தில் அன்றாடம் வழங்கும் எச்சரிக்கைத் தொடர்களைத் தமிழாக்குவது எளிய பணி எனக் கருதப்பெறுகிறது. 'காஷன்' என்பதற்கு 'எச்சரிக்கை', 'டேஞ்சர்' என்பதற்கு 'அபாயம்' எனச் சொல்லுக்குச் சொல் வைத்தால் போதும் என்பது அக்கருத்து. கோலார் தங்கவயலின் சூழலில் வைத்து நோக்கின் இக்கருத்து நிலைபெறாது. 1880களில் ஜான் டெய்லர் நிறுவனத்தாரால் விரிவுபெற்று, 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் கண்டு, 2001இல் மூடப்பெற்ற அச்சுரங்கங்களில் ஆங்கிலேயர் காலத்து மேலாண்மை ஆங்கிலத்திலும் உழைப்பு பெரும்பாலும் தமிழிலும் நிகழ்ந்தன. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம், தன் சுருக்கத்தை ஆங்கிலத்திலும் விதிக்கப்பெறும் பிற மொழிகளிலும் சுரங்கத்தருகே ஒட்டிவைக்கப் பணித்தது. எம்மொழி என்பதைக் கருதிய சட்டம் எத்தகைய மொழிநடை என்பதைக் கருதவில்லை.

'மைண்ட்' என்னும் ஆங்கில வினை காக்கப்படும் பொருளையும் தாக்கும் பொருளையும் ஒருங்கே ஏற்கும். தலையும் அதற்குச் செயப்படுபொருள், படியும் செயப்படுபொருள். இதனைத் 'தலையைக் கவனி' எனப் பெயர்த்தால் தலையை உற்றுநோக்கு என்றே பொருள்படும். தமிழில் 'பத்திரம்' காக்கப்படும் பொருளோடு மட்டுமே சேரும். 'தலை பத்திரம்' பொருந்தும். 'நாய் பத்திரம்' எனின் நாய்க்குத் தீங்கு வராமல் காக்க என்பதாகிவிடும். 'ஜாக்கிரதை'யோ 'உடம்பு ஜாக்கிரதை', 'நாய் ஜாக்கிரதை' என இருபாலும் இயங்கும். டச்சு மொழியின் 'பாஸ் ஓப்' என்னும் எச்சரிக்கையும் இத்தகையதே. அவ்வினை குழந்தையைப் பார்த்துக்கொள்ளுதலையும் குறிக்கும். வடசொல் என்பதற்காக 'ஜாக்கிரதை'யை நீக்கி அவ்விடத்தில் 'எச்சரிக்கை'யை வைப்போர் இவ்வியல்பை எண்ணுவதில்லை. 'உடம்பு எச்சரிக்கை' என எவரும் சொல்லார். (இரு சொற்களும் பொருளால் உறவுடையன என்பதும் சுட்டத்தக்கது. ஜாக்ரத் என்பது விழிப்பு. தங்கவயலைச் சூழ்ந்த கன்னடத்தில் 'எச்சர' என்பதும் விழிப்பே.)

சிக்கல் மிகுவது 'ராக் பர்ஸ்ட்' என்னும் தொடரில். ஆழத்தின் அழுத்தத்தால் பாறை தானே சிதறும் இந்நிகழ்வு தங்கவயலின் பெருந்துயர். இதனைப் 'பாறை வெடிப்பு' என்பது பெருவழக்கு. மருந்திட்டுப் பாறையைத் தகர்ப்பதும் தமிழில் வெடிப்பே. முன்னது நேரம் அறியாதது. பின்னது நேரம் குறித்து நிகழ்வது. ஒன்றில் முன்னறிவிப்புக் கேட்டு விலகலாம். மற்றொன்றில் அதற்கு இடமில்லை. இவ்விரண்டையும் ஒரு சொல்லில் அடக்கும் பெயர்ப்பு, கலைச்சொல் குறை மட்டுமன்று, உயிருக்கே ஊறு. 'பாறைச் சிதறல்' எனப் பிரித்தல் தகும்.

'செல்லவும்', 'நிற்கவும்' என்னும் அலுவலக நடையும் ஆய்வுக்குரியது. முன்னிலையாரைக் குறியாத இவ்வடிவம் மரியாதைக்கு ஏற்றது. ஆபத்து வேளையில் வாயில் வருவதோ 'நில்', 'விலகு' என்பனவே. இன்று சயனைடு கழிவுக் குன்றுகளின் அருகில் வாழ்வோருள் சிறுவரும் உளர். அங்கு வைக்கும் பலகையில் 'அபாயம்' என்னும் பெயர்ச்சொல்லினும் 'ஏறாதே' என்னும் எதிர்மறை ஏவலே முதலில் இடம்பெற வேண்டும்.