அலையோசையும் ஆலையோசையும்: கலிபோர்ணிய வாத்திய இசை பற்றிய ஒரு குறிப்பு

கலையை அதனைத் தோற்றுவித்த சமுதாயத்திலிருந்து பிரித்து நோக்குதல் தகாது என்பது நாம் பெரும்பாலும் இலக்கியத்துக்குக் கூறும் விதியாகும். சொல்லே இல்லாத இசைக்கு அது எவ்வாறு பொருந்தும்? 1960களின் தொடக்கத்தில் தென் கலிபோர்ணியாவில் எழுந்த ‘சேர்ஃப்’ எனப்படும் அலைச்சறுக்கு வாத்திய இசை, இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

இதனை வசதிபடைத்த வெள்ளை இளைஞரின் கேளிக்கை எனத் தள்ளிவிடுவோர் உளர். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. போருக்குப் பிந்திய செழிப்பும், மோட்டார் வாகனமும், கடற்கரையிற் கழிக்கும் ஓய்வும் இன்றி இவ்விசைக்கு இரசிகர் கூட்டம் தோன்றியிராது. ஆயின் நுகர்ந்தோரை மாத்திரம் கொண்டு ஒரு கலையை மதிப்பிடுதல் அரைகுறை ஆய்வேயாகும். ஆக்கியோர் யாவர், எக்கருவிகொண்டு ஆக்கினர் என்பனவும் வினவப்படல் வேண்டும்.

1961 இல் பல்போவாவின் ரெண்டேவூ நடனமண்டபத்தில் இளைஞரைத் திரட்டிய டிக் டேலின் (1937–2019) இயற்பெயர் ரிச்சர்ட் மொன்சூர். தந்தைவழியில் அவர் லெபனானிய மரபினர்; ஊட் என்னும் அராபிய நரம்புக்கருவியைக் குடும்பத்தினர் வாசிக்கக் கேட்டு வளர்ந்தவர். 1962 இல் அவர் கிற்றாரில் வாசித்து வெளியிட்ட ‘மிஸிர்லூ’, கிழக்கு மத்தியதரைப் பகுதியில் வழங்கிய பழைய பாடலாகும். 1927 இலேயே நியூ யோர்க்கில் கிரேக்க மொழியில் இசைத்தட்டாகியது. அதன் சுரத்தானங்கள் எமது மாயாமாளவகௌளைக்கு உரியவற்றை ஒத்தவை. இவ்வொற்றுமை கொண்டு உறவு கற்பித்தல் தவறு. எனினும் கர்நாடக இசை பயின்ற செவிக்கு அப்பாடல் அந்நியமாக ஒலிக்காமைக்கு இது ஒரு காரணம் எனலாம்.

இனி, ஓசையை நோக்குவோம். டேலின் உரத்த வாசிப்பிற் பல ஒலிபெருக்கிகள் பழுதாகவே, லியோ பெண்டர் கூடிய வலுவுடையதொன்றை அமைத்தார். 1961 இல் பெண்டர் நிறுவனம் எதிரொலிப் பெட்டியொன்றையும் விற்பனைக்கு விட்டது. அதனுள் மின்னோட்டம் அதிர்வாக மாறிச் சுருள்வில்லினூடே ஓடி, மீண்டும் மின்னோட்டமாகிச் சற்றே பிந்தி வந்து சேரும். சான்டேஸ் என்னும் உயர்பள்ளி மாணவர் குழுவின் ‘பைப்லைன்’ (1963) என்னும் படைப்பில் நாம் கேட்கும் ‘ஈரம்’ இவ்வாறு பிறந்ததே. கடலெனச் செவியில் விழுவது உண்மையில் உருக்குக் கம்பியின் நடுக்கமாகும்.

எனவே, இயற்கையின் குரலாக விளம்பரப்படுத்தப்பட்ட இவ்விசை, குடியேறியோரின் இசைநினைவும் ஆலைத்தொழிலின் உழைப்பும் கூடிப் பெற்ற குழந்தையாகும். சொல்லின்மையே அதன் வலிமை: மொழி அறியாதோரையும் அது ஆடச்செய்தது. சொல்லின்மையே அதன் குறையும்: லெபனானிய, கிரேக்க வேர்கள் ‘அமெரிக்க இளமை’ என்னும் விற்பனைப் பெயருக்குள் ஓசையின்றி மறைந்தன. 1964 இல் ஆங்கிலக் குழுக்களின் வருகையோடு இவ்விசையின் செல்வாக்குத் தளர்ந்தது. 1994 இல் ‘பல்ப் ஃபிக்ஷன்’ திரைப்படம் ‘மிஸிர்லூ’வை மீண்டும் உலகறியச் செய்தபோதும், அவ்வேர்களை அறிந்து கேட்டோர் சிலரே.

சொல்லற்ற கலைக்கும் வரலாறு உண்டு. அதனைச் சொல்லாக்குவதே திறனாய்வின் கடன்.