ஆதி டார்செட்டின் கடல்

மனித குலம் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னரே வாழ்ந்து மறைந்த கடல் ஊர்வனவற்றின் சித்திரங்கள் இன்று எத்தனையோ உண்டு. ஆயினும், ஹென்றி டி லா பெச் என்ற ஆங்கிலப் பூகர்ப்ப சாஸ்திரி 1830-இல் நீர்வர்ணத்தில் தீட்டிய ‘டூரியா ஆண்டிகுவியர்’, அதாவது ‘இன்னும் பழைய டார்செட்’, என்ற படத்தைப் பார்க்கையில் எனக்கு உண்டாகும் ஆனந்தம், பின்னால் வந்த கைதேர்ந்த ஓவியர்களின் சிருஷ்டிகளில் உண்டாவதில்லை.

கடற்காட்சி என்றால் கரையில் நின்றுகொண்டு அலைகளின் மேற்பரப்பை வரைவதே சம்பிரதாயமாக இருந்த காலத்தில், கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் மோகம் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பாகவே, அவர் கடலைக் குறுக்கே அரிந்து வைத்தாற்போலக் காட்டிவிட்டார்: மேலே பனையொத்த மரங்களும் சிறகு விரித்த ஊர்வனவும், கீழே கடல் அல்லிகள் அசையும் தரையும், நடுவே ஓயாத சம்ஹாரமும். தட்டுப்போல் விழித்த கண்ணுடைய இக்தியோசார் ஒன்று பிளீசியோசாரின் நீண்ட கழுத்தைக் கவ்வுகிறது. வேறொரு பிளீசியோசார் தலையை நீருக்கு மேல் நீட்டி வானில் பறந்ததைப் பற்றியிழுக்கிறது. இன்னொன்று, கரையோரத்தில் சிவனே என்று கிடக்கும் முதலையின்மேல் கண் வைத்திருக்கிறது. படத்தில் உள்ளதுபோல் பிளீசியோசாரின் கழுத்து அன்னத்தின் கழுத்தாக வளைந்திராது என்றும், அம்மோனைட்டுகள் என்ற சுருளோட்டுப் பிராணிகள் பாய் விரித்து மிதந்ததில்லை என்றும் பிற்கால ஆராய்ச்சியாளர் சொல்வது உண்மைதான், இருக்கட்டும்.

1840-இல் கடல் ஊர்வன பற்றிய தாமஸ் ஹாக்கின்ஸின் நூலுக்கு ஜான் மார்ட்டின் வரைந்த முகப்புச் சித்திரத்திலும் இதே பிராணிகள் போரிடுகின்றன. அங்கே நிலவும் இருளும் பயங்கரமும் மிகுந்திருப்பதால், அவை புராணத்து அரக்கர்களாகிவிடுகின்றன. டி லா பெச்சின் பிராணிகளுக்கோ எவரையும் பயமுறுத்தும் உத்தேசமே இல்லை. அவற்றுக்கு வெறுமனே பசிக்கிறது. என் ரசனைக்கு இதுவே மேலான கலை.

இச்சித்திரத்தின் முக்கிய பாத்திரங்களைப் பாறையிலிருந்து விடுவித்தவள், டார்செட்டின் லைம் ரீஜிஸ் என்ற கடற்கரை ஊரின் மேரி ஆனிங். குளிர்காலத்தில் சரியும் செங்குத்துப் பாறைகளின் அடியில், உயிரைப் பணயம் வைத்து, 1823-இல் முழுமையான பிளீசியோசாரையும் 1828-இல் பறக்கும் ஊர்வனவொன்றையும் கண்டெடுத்தவளுக்கு, பெண் என்ற காரணத்தால் லண்டன் பூகர்ப்ப சங்கத்தில் இடமில்லை, கையிலும் பணமில்லை. ஜார்ஜ் ஷார்ஃப் என்ற ஓவியரைக் கொண்டு இப்படத்தின் கல்லச்சுப் பிரதிகள் எடுப்பித்து, அவற்றை நண்பர்களிடம் விற்ற தொகையை அவளுக்கே சேர்ப்பித்தார் டி லா பெச்.

படத்தின் குறும்பு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இக்தியோசாரின் வயிற்றெலும்புகளுக்கிடையே ஆனிங் கவனித்த விசித்திரக் கற்கள், கல்லாகிப்போன மலமே என்று இப்படத்துக்குச் சற்று முன்புதான் பக்லாண்ட் என்ற பேராசிரியர் நிரூபித்திருந்தார். ஆகவே, கடிபட்ட பிராணி அச்சத்தில் கழிப்பதையும் டி லா பெச் கூசாமல் வரைந்திருக்கிறார். அது மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது, என்றோ ஒருநாள் ஆனிங்கின் கூடைக்குள் போய்ச் சேர.