திருடி முன்னால் வந்து நின்றால்: ஒரு கேரக்டர், மூன்று கேம்கள்

போன மாதம் இரண்டு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டேன். ஆபீஸ் வேலை ஒன்றுமில்லை, பால்டர்ஸ் கேட் 3-ல் புதிதாக ஒரு கேரக்டர் உருவாக்கிக்கொண்டிருந்தேன். கதை மனசில் தெளிவாக இருந்தது. சின்ன வயதில் பூட்டுத் திறந்தும் ஜேப்படி அடித்தும் பிழைத்த ஒருத்தி. ஏதோ ஒரு கட்டத்தில் இருட்டை விட்டு வெளியே வந்து, வாளை உருவிக்கொண்டு "ஒண்டிக்கு ஒண்டி வா" என்று நிற்க ஆரம்பிக்கிறாள். அவ்வளவுதான்.

கதைக்கு ஐந்து நிமிஷம். அதை எண்களாக மாற்றத்தான் இரண்டு ராத்திரி. இதே ஆளை நான் இருபது வருஷத்துக்கு மேலாக வெவ்வேறு கேம்களில் உருவாக்கிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் எங்கேயோ உதைக்கும். எங்கே உதைக்கிறது என்று இந்த முறை உட்கார்ந்து யோசித்ததில் கிடைத்ததுதான் இந்தக் குறிப்பு. ஆர்பிஜி ஆடாதவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன்.

பிரச்சினை எங்கே?

இந்த வகை கேம்களுக்கெல்லாம் தாய்வீடு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். மேஜையில் பகடை உருட்டி ஆடுவது. 1974-ல் வந்த முதல் பதிப்பில் திருடன் கிடையாது. அடுத்த வருஷம் வந்த கிரேஹாக் என்ற இணைப்புப் புத்தகத்தில்தான் தீஃப் ஒரு தனி வகுப்பாகச் சேர்ந்தான். அவனுடைய பெரிய ஆயுதம் பேக்ஸ்டாப். எதிரிக்குத் தெரியாமல் பின்னால் போய்க் குத்தினால் சேதம் பெருகும். பிறகு வந்த விதிகளில் லெவல் ஏற ஏற அது இரண்டு மடங்கில் தொடங்கி ஐந்து மடங்கு வரை போகும்.

இதை ப்ரோகிராமர் கண்ணால் பாருங்கள். ஒரு இஃப் கண்டிஷன்: நான் எதிரிக்குப் பின்னால் இருக்கிறேன், அவன் என்னைப் பார்க்கவில்லை என்றால் சேதம் ஐந்து மடங்கு. எல்ஸ்? எல்ஸில் ஒன்றும் இல்லை. முன்னால் நின்றால் அவன் ஒரு சோப்ளாங்கி. போர்வீரனின் உயிர்ப்புள்ளிக்குப் பத்துமுகப் பகடை, திருடனுக்கு ஆறுமுகப் பகடை. குறி வைக்கும் திறமை போர்வீரனுக்கு ஒவ்வொரு லெவலுக்கும் கூடும், திருடனுக்கு இரண்டு லெவலுக்கு ஒரு முறை.

இப்போது துவந்த யுத்தம் என்றால் என்ன? இரண்டு பேர், நேருக்கு நேர், நேரமும் இடமும் முன்கூட்டியே பேசி வைத்து மோதுவது. 1777-ல் அயர்லாந்தில் இதற்கென்று விதிகளே எழுதினார்கள். அதில் ஒன்று, சவாலை ராத்திரியில் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடாது, ஆத்திரத்தில் அவசரப்பட வேண்டாம் என்பதற்காக. திருடனுக்கு முதுகும் இருட்டும் வேண்டும். துவந்த வீரனுக்கு அந்த ரெண்டுமே ஆகாது. ஆக, திருடியை துவந்த வீராங்கனையாக மாற்றுகிற டிசைனர் அவளுக்குத் தொப்பியும் மெல்லிய வாளும் கொடுத்தால் போதாது. அந்த இஃப் கண்டிஷனில் கை வைக்க வேண்டும். வைத்தார்களா என்பதுதான் என் கேள்வி.

பால்டர்ஸ் கேட் 2: கழித்தல் கணக்கு

2000-ல் பயோவேர் வெளியிட்டது. நான் பி.இ. படிக்கும்போது ஹாஸ்டலில் ஒரு நண்பனின் கம்ப்யூட்டரில், அவன் தூங்கின பிறகு ஆடியது.

இதில் தீஃப் வகுப்புக்குள் ஸ்வாஷ்பக்லர் என்று ஒரு உட்பிரிவு உண்டு. தொடக்கத்திலேயே தற்காப்பில் ஒரு புள்ளி கூடுதல், பிறகு ஐந்து லெவலுக்கு ஒன்று. குறியிலும் சேதத்திலும் அதே மாதிரி ஐந்து லெவலுக்கு ஒரு புள்ளி. பதிலுக்கு என்ன போகிறது? பேக்ஸ்டாப்பே போகிறது. எத்தனை லெவல் ஏறினாலும் அவள் குத்தினால் ஒரு மடங்குதான். அப்போது எனக்கு இது பகல் கொள்ளையாகத் தெரிந்தது. ஐந்து மடங்கைக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று புள்ளி வாங்குவதா?

இரண்டாவது வழி இன்னும் கடுமை. மனித இனத்துக்கு மட்டும் இரட்டை வகுப்பு உண்டு. பழைய தொழிலை அந்த லெவலிலேயே நிரந்தரமாக நிறுத்திவிட்டு, புதுத் தொழிலை முதல் லெவலிலிருந்து தொடங்க வேண்டும். புது லெவல் பழைய லெவலைத் தாண்டும் வரை பழைய திறமைகள் வேலை செய்யாது. கணக்குப் போடுவோம். பத்தாம் லெவல் திருடியாக 1,60,000 அனுபவப் புள்ளி போதும். அவள் போர்வீராங்கனையாக மாறி, பழையதைத் திரும்பப் பெறப் பதினோராம் லெவல் வர வேண்டும். அதற்கு 7,50,000 புள்ளி. முழு கேமின் உச்சவரம்பே 29,50,000. அதாவது திருட்டைக் கற்ற காலத்தைப் போல நாலரை மடங்குக்கும் மேல், கையில் ஒன்றுமில்லாமல் அலைய வேண்டும். நண்பன் இதைச் செய்து பார்த்தான். பூட்டுத் திறக்க ஆள் இல்லாமல் குழுவே திண்டாடியது. பாதியில் விட்டுவிட்டான்.

குறை சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தில் இந்த கேம் நேர்மையாக இருந்தது. மாறுவதற்கு விலை உண்டு என்று சொன்னது. அந்த விலையை ஆடுகிறவனிடமே வசூலித்தது.

டிராகன் ஏஜ்: பெயர் மட்டும்

2009-ல் அதே பயோவேரின் டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ். இதில் ரோக் வகுப்புக்கு டூயலிஸ்ட் என்று ஒரு சிறப்புப் பிரிவு. சொல்லிக்கொடுப்பவள் இஸபெலா, கப்பல் கொள்ளைக்காரி. டெனரிம் நகரத்தில் பேர்ல் என்ற விடுதிக்குள் நுழையும்போது சில அடியாட்களை ஒற்றை ஆளாகப் புரட்டிக்கொண்டிருப்பாள். சீட்டாட்டத்தில் ஜெயித்தால் வித்தையைக் கற்றுத்தருவாள். நேர்மையான சண்டைக்காரியாக மாற, சீட்டு விளையாட்டில் திருட்டுப்புத்தி வேண்டியிருக்கிறது! இந்தக் குறும்பு எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் கற்றபின் என்ன மாறுகிறது? கொஞ்சம் சுறுசுறுப்பு, கொஞ்சம் சேதம், நான்கு திறமைகள். அந்த நான்கில் கடைசியானது மட்டும் கொஞ்ச நேரத்துக்கு எல்லா அடியையும் உச்ச அடியாக்கும், எந்தப் பக்கம் நின்றாலும். அது நல்ல யோசனை. மற்ற நேரமெல்லாம் பழைய விதிதான். ரோக் எதிரிக்குப் பின்னால் நின்றால் ஒவ்வொரு அடியும் தானாக பேக்ஸ்டாப். அது அப்படியே கையில் இருக்கும்போது எவள் முன்னால் வந்து நிற்பாள்? என் டூயலிஸ்ட் அந்த கேம் முழுக்க எதிரிகளின் முதுகைப் பார்த்துக்கொண்டே காலம் கழித்தாள்.

இன்னொன்று. இந்தப் பிரிவை ஒரு முறை திறந்தால் பிறகு ஆடுகிற எல்லா ஆட்டத்துக்கும் திறந்தே இருக்கும். கற்றுக்கொண்டு, பழைய சேவை லோட் செய்தால்கூட வித்தை போகாது. இஸபெலாவைச் சந்திக்கவே இல்லை, ஆனால் அவள் சொல்லிக்கொடுத்தது தெரியும். கோடு எழுதுகிறவனுக்கு இது வசதி. கதைக்கு இது ஓட்டை.

(டிராகன் ஏஜ் 2 ஆடாதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம்.)

2011-ல் வந்த இரண்டாம் பாகத்தில் இதே இஸபெலா நம்முடைய தோழி. அவள் திருடிய ஒரு நூலால் ஒரு நகரமே பற்றி எரிகிறது. அவளை ஒப்படைக்க மறுத்தால், எதிரிப் படையின் தலைவன் ஆரிஷோக் நம்மை ஒற்றைக்கு ஒற்றை அழைக்கிறான். கதை எவ்வளவு அழகாகக் கூடி வருகிறது! ஒரு திருட்டுக்கான தீர்ப்பு ஒரு துவந்த யுத்தத்தில். நான் ரோக்காக ஆடினேன். என்ன செய்தேன் தெரியுமா? தூணைச் சுற்றி ஓடினேன். அவன் பாய்வான், நான் விலகுவேன், ஒரு குத்து, மறுபடி ஓட்டம். நான் மட்டுமில்லை, இந்தச் சண்டையை ஆடிய ரோக்குகள் பலரும் சொல்வது இதைத்தான். கதாசிரியர் துவந்தம் எழுதினார். எண்களை எழுதியவர் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை போலிருக்கிறது.

பால்டர்ஸ் கேட் 3: கண்டிஷனைத் திருப்பியவர்கள்

இதற்குள் மேஜை ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு வந்துவிட்டது. திருடனுக்கு ரோக் என்று பெயர் மாறி வெகுநாள் ஆயிற்று. பேக்ஸ்டாப் இப்போது ஸ்னீக் அட்டாக். பின்னால் நிற்க வேண்டும் என்பதில்லை. எதிரியை விட நமக்குச் சாதகமான நிலை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நம் ஆள் ஒருவர் அந்த எதிரியை ஒட்டி நிற்க வேண்டும். அதாவது ஒளிந்திருந்து குத்து, அல்லது ரெண்டு பேர் சேர்ந்து ஒருத்தனைக் குத்து.

2015-ல் இதற்கு ஸ்வாஷ்பக்லர் பிரிவைச் சேர்த்தவர்கள் ஒரே ஒரு வரியை மாற்றினார்கள். என்னைச் சுற்றி ஐந்தடிக்குள் என் எதிரியைத் தவிர வேறு யாருமே இல்லையென்றால் ஸ்னீக் அட்டாக் செல்லும். ரெண்டு பேர் வேண்டும் என்ற நிபந்தனை, ரெண்டாவது ஆள் கூடாது என்ற நிபந்தனையாகத் திரும்பிவிட்டது. அதே கை, அதே கத்தி, அதே பகடை. ஆனால் இப்போது அவளை முன்னால் வரச் சொல்வது எண்கள்தான். கூடவே, அவள் ஒருவனைத் தாக்கிவிட்டு விலகினால் அவன் திருப்பி அடிக்க முடியாது. காலடி வேலையும் சேர்ந்துவிட்டது. இருபது வருஷமாக நான் தேடியது இந்த ஒரு வரி.

லாரியன் நிறுவனம் 2025 ஏப்ரலில் எட்டாவது பேட்ச் வழியாக இந்தப் பிரிவை பால்டர்ஸ் கேட் 3-க்குள் கொண்டுவந்தது. தன் பங்குக்குச் சில கள்ள வித்தைகளையும் சேர்த்தது. அதில் ஒன்று எதிரியின் கண்ணில் மண்ணைத் தூவுவது. நம்ம ஊரில் அது சொல்வழக்கு, இங்கே நிஜமாகவே தூவலாம்.

அப்படியானால் இதுதான் சிறந்ததா?

டிசைனாக, ஆமாம். ஆனால் முழுத் திருப்தி இல்லை.

இதைச் சொல்ல என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பத்து வருஷத்துக்கு மேல் டெஸ்டிங்கில் இருந்தேன். அடுத்தவர் எழுதிய கோடில் யாரும் பார்க்காத மூலையைத் தேடிப் போய்க் குத்துவதுதான் தொழில். முப்பத்தாறு வயதில் டெவலப்மெண்டுக்கு மாறினேன். முதல் தடவை நான் எழுதியதை என்னை விடப் பன்னிரண்டு வயது சின்னப் பையன் ரிவ்யூ செய்து முப்பது கமெண்ட் போட்டான். ஒவ்வொன்றும் சரி. இரண்டு வருஷம் என் பழைய அனுபவத்தை யாரும் கேட்கவில்லை, நானும் வெளியே எடுக்கவில்லை. மூன்றாவது வருஷம் வாக்கில்தான், எழுதும்போதே இது எங்கே உடையும் என்று கை தானாக யோசிக்க ஆரம்பித்தது. பழைய தொழில் திரும்பி வந்தது, புதுத் தொழிலுக்குள்.

ஹாஸ்டலில் நாங்கள் திட்டித் தீர்த்த இரட்டை வகுப்பு விதி இதைத்தான் சொல்லியிருக்கிறது. விரலுக்குப் பூட்டுத் திறப்பது மறந்துபோகும் என்பது அபத்தம்தான். ஆனால் நடுவில் ஒன்றுமில்லாமல் நிற்கிற காலம் என்று ஒன்று உண்டு, அதைத் தாண்டாமல் எதுவும் ஒட்டாது என்பது அபத்தம் இல்லை.

பால்டர்ஸ் கேட் 3-ல் அந்தக் காலமே கிடையாது. மூன்றாம் லெவலில் ஒரு பட்டன். பழைய ஒளிவும் குத்தும் அப்படியே இருக்கும். பிடிக்கவில்லையா, முகாமில் நிற்கும் விதர்ஸிடம் 100 பொற்காசு கொடுத்தால் ஆளையே மாற்றித் தருவார். 7,50,000 புள்ளியையும் 100 காசையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது அநியாயம், சரி. இரண்டாவதில் மாறினதாகவே தோன்றவில்லை.

நான் டிசைனராக இருந்தால் ரெண்டையும் சேர்ப்பேன். திருப்பிய கண்டிஷனை வைத்துக்கொண்டு, பழைய கண்டிஷனை எடுத்துவிடுவேன். ஒளிந்திருந்து குத்தினால் அவளுக்கு ஒரு சாதாரணக் குத்துதான்.

கேம் அதைச் செய்யவில்லை என்பதால் நானே சட்டம் போட்டுக்கொண்டேன். ஒளிந்து தாக்கக்கூடாது. கண்ணில் மண் தூவக்கூடாது. இந்தச் சட்டத்தோடு கோப்ளின் முகாமுக்குப் போய், தலைவன் டிரோர் ராக்ஸ்லின் முன்னால் போய் நின்றேன். இரண்டு தடவை செத்தேன். சுற்றி நிற்கிற கோப்ளின்கள் நெருங்கினாலே என் கண்டிஷன் உடைந்துவிடுகிறது. மூன்றாவது தடவைதான் புரிந்தது. கூட்டாளிகள் மூன்று பேரையும் என்னை விட்டுத் தள்ளி நிறுத்தி, மற்றவர்களை அண்டவிடாமல் தடுக்கச் சொன்னேன். அயர்லாந்து விதிகளில் துவந்தத்துக்கு வருகிற ஒவ்வொருவரோடும் ஒரு துணையாள் வருவார். சண்டை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. என் மூன்று பேரும் அன்றைக்கு அந்த வேலையைத்தான் செய்தார்கள்.

அவள் ஜெயித்தாள், நான்கு உயிர்ப்புள்ளி மிச்சத்தில். அடுத்த அறையில் ஒரு பூட்டிய பெட்டி இருந்தது. உட்கார்ந்து அதைத் திறந்தாள். அதற்கு நான் சட்டம் போடவில்லை.