சிறுவர் அனிமேஷன் திரைப்படங்கள்: கைவரைவு மரபும் கணினி மரபும்

சிறுவர்களுக்கான அனிமேஷன் திரைப்படங்களைக் கையால் வரைந்தவை, கணினியில் உருவாக்கியவை என இரண்டாகப் பிரித்து, முன்னதைப் பழமை என்றும் பின்னதை வளர்ச்சி என்றும் கருதும் வழக்கம் கடந்த முப்பது ஆண்டுகளில் ஆழ வேரூன்றிவிட்டது. இப்பிரிவினை கருவியை மட்டுமே நோக்குகிறது. கைவரைவுக்குள்ளேயே ஒன்றையொன்று மறுத்து எழுந்த பல பள்ளிகள் உண்டு; கணினிப் படங்களிலும் கைவரைவின் நேர் வாரிசு எனத் தக்கவை சிலவும், அதிலிருந்து முற்றிலும் விலகியவை சிலவும் உண்டு. திரையில் தோன்றும் ஒவ்வோர் அசைவுக்கும் பின்னால் ஒரு கலைஞர் உற்றுநோக்கித் தேர்ந்து எடுத்த முடிவு இருக்கிறதா என்பதே இவை எல்லாவற்றையும் அளக்கத் தகுந்த அளவுகோல்.

திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்களாக ஓடுவது. கைவரைவில் ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒரு படம் என வரைவதும் உண்டு; ஒரே படத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தி, நொடிக்குப் பன்னிரண்டு படங்களோடு முடித்துக்கொள்வதும் உண்டு. அசைவின் திருப்புமுனைகளான முதன்மைப் படங்களை மூத்த கலைஞர் வரைய, அவற்றுக்கு நடுவே வரும் இடைப்படங்களை உதவியாளர்கள் நிரப்புவர். 1914இல் ஏர்ல் ஹர்ட் காப்புரிமை கோரிய செல் முறை, அதாவது அசையும் உருவத்தை மட்டும் ஒளி ஊடுருவும் தாளில் வரைந்து அசையாத பின்னணியின் மேல் வைத்துப் படம்பிடிக்கும் முறை, இக்கலையைப் பலர் கூடிச் செய்யும் தொழிலாக மாற்றியது. அந்த மாற்றம் நேராமல் 1937இன் 'ஸ்னோ ஒயிட்' போன்ற முழுநீளப் படம் சாத்தியமாகியிருக்காது.

'ஸ்னோ ஒயிட்' உருவான டிஸ்னி பள்ளியின் அடிப்படை, எடையும் உயிர்த்தன்மையும் ஆகும். உடல் தரையைத் தொடும்போது நசுங்கி, எழும்போது நீள்வது, ஒரு செயலுக்கு முன் எதிர்த்திசையில் சிறிது பின்வாங்குவது, உடல் நின்ற பின்னும் முடியும் ஆடையும் சற்று அசைந்து அடங்குவது போன்ற நெறிகளை, அப்பள்ளியின் மூத்த கலைஞர்களான ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் வெளியிட்ட நூலில் பன்னிரண்டாகத் தொகுத்தனர். முகமோ கைகாலோ இல்லாத ஒரு மாவு மூட்டையை வரைந்து, அது மகிழ்ச்சியில் இருக்கிறதா சோர்வில் இருக்கிறதா என்று பார்ப்பவருக்குத் தெரியும்படி செய்வது அங்கே புகழ்பெற்ற பயிற்சி. 'பேம்பி' (1942) படத்துக்காக உயிருள்ள மான்குட்டிகளை ஸ்டுடியோவுக்கே கொண்டுவந்து வரைந்தார்கள். இப்பள்ளியில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் 1950களில் மும்பை வந்து, ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் பயிற்சி அளித்தார். அவரிடம் கற்றவர்களுள் ஒருவரே இந்திய அனிமேஷனின் முன்னோடியாக மதிக்கப்படும் ராம் மோகன்.

உயிருள்ளதைப் போலவே அசைய வேண்டும் என்ற இந்த நெறிக்கு எதிராக எழுந்தது அமெரிக்காவின் யுபிஏ நிறுவனம். 'ஜெரால்ட் மக்பாயிங் பாயிங்' (1950) என்ற அதன் குறும்படம், தட்டையான வண்ணப் பரப்புகளையும் குறைந்த கோடுகளையும் கொண்டே ஒரு சிறுவனின் தனிமையைச் சொல்லிவிட்டது. அங்கே கலைத்தேர்வாக இருந்த சிக்கனம், 1963இல் ஒசாமு தெசுகாவின் 'அஸ்ட்ரோ பாய்' தொடங்கிவைத்த ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர்களில் செலவுக் கட்டாயமாக ஆயிற்று. வாய் மட்டும் அசைய உடல் உறைந்து நிற்கும் காட்சிகள் பெருகின.

கைவரைவு மரபின் முதிர்ந்த நிலையைக் காட்டுவது 1985இல் நிறுவப்பட்ட ஜப்பானின் ஸ்டுடியோ கிப்லி. ஹயாவோ மியசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' (2001) படத்தில் சிறுமி சிஹிரோ காலணியை மாட்டிக்கொண்டு, குதிகால் உள்ளே சரியாக இறங்குவதற்காக நுனியைத் தரையில் தட்டிவிட்டு ஓடுகிறாள். கதைக்குச் சிறிதும் தேவைப்படாத அந்தத் தட்டலை விட்டுவிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் பார்க்கும் குழந்தை தன் காலில் தினமும் நிகழும் ஒன்றைத் திரையில் கண்டு, அவளைத் தன்னைப் போன்ற ஒருத்தியாக நம்பத் தொடங்குவது அந்தக் கணத்தில்தான். அதே ஸ்டுடியோவைச் சேர்ந்த இசாவோ தகஹாதா, 'இளவரசி ககுயாவின் கதை' (2013) படத்தில் வேறொரு வழியைத் தேர்ந்தார். விருந்து மண்டபத்திலிருந்து இளவரசி தப்பி ஓடும் காட்சியில், அதுவரை மென்மையாக இருந்த கோடுகள் கரித்துண்டால் கிறுக்கியவை போலச் சிதறி, உடைகள் ஒவ்வொன்றாகக் கழன்று, இறுதியில் முகமே சில கீற்றுகளாகக் கரைகிறது. சீற்றத்தைச் சித்திரிக்கும் பொறுப்பு இங்கே முகபாவத்திடமிருந்து கோட்டுக்குச் சென்றுவிடுகிறது. கைவரைவுக்கே உரிய இந்த ஆற்றலுக்கு நிகரான ஒன்றை முப்பரிமாணக் கணினிப் படங்கள் பெரும்பாலும் எட்டவில்லை என்றே சொல்ல வேண்டும்.

கணினி மரபில் உருவங்கள் சட்டகம்தோறும் புதிதாக வரையப்படுவதில்லை. முப்பரிமாண வடிவம் ஒருமுறை செய்யப்பட்டு, அதனுள் ரிக் எனப்படும் எலும்புக்கூடு போன்ற கட்டமைப்பு பொருத்தப்படுகிறது. கலைஞர் அக்கட்டமைப்பை அசைத்து முதன்மை நிலைகளை அமைக்க, இடைப்பட்ட நிலைகளைக் கணினி கணக்கிடுகிறது. ஒளியையும் நிழலையும் பரப்பின் தன்மையையும் சேர்த்து இறுதிப் படமாக்கும் வேலைக்கு ரெண்டரிங் என்று பெயர். இடைநிலைகளைக் கணினியே நிரப்புவது வசதியும் ஆபத்தும் ஒருங்கே கொண்டது. அப்படியே விட்டுவிட்டால் எல்லா அசைவும் ஒரே சீராக, நீரில் மிதப்பதுபோல எடையற்றுப் போய்விடும். இதை முதலில் தெளிவாக உணர்ந்த பள்ளி பிக்சார். 'லக்ஸோ ஜூனியர்' (1986) என்ற அதன் குறும்படத்தில், பந்தின் மேல் குதிக்கும் சிறிய மேசைவிளக்கு குனிந்து நிமிரும் விதம் ஒன்றே அதைக் குழந்தையாக்கிவிடுகிறது; மாவு மூட்டைப் பயிற்சியின் பாடம் வேறு கருவியில் தொடர்ந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதன் இயக்குநர் ஜான் லாசெட்டர், கைவரைவின் நெறிகளைக் கணினிக்குப் பொருத்துவது பற்றி 1987இல் ஆய்வுக் கட்டுரையும் எழுதினார். முழுக்கக் கணினியில் உருவான முதல் முழுநீளப் படமான 'டாய் ஸ்டோரி' (1995) பொம்மைகளைப் பற்றியதாக அமைந்ததற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு: பிளாஸ்டிக் போன்ற பரப்பைக் கணினி அப்போது எளிதில் காட்டியது, தோலையும் முடியையும் காட்டத் திணறியது. ஆறே ஆண்டுகளில் 'மான்ஸ்டர்ஸ் இங்க்' படத்தின் சல்லி என்ற பாத்திரத்துக்கு 23 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோமங்கள் தனித்தனியே அசைந்தன.

கணினி மரபின் மற்றொரு கிளை மோஷன் கேப்சர். நடிகரின் உடலில் குறிகளைப் பொருத்தி, அவர் அசைவைப் பதிவுசெய்து கணினி உருவத்துக்கு மாற்றும் முறை. சென்னையின் பென்டாமீடியா கிராஃபிக்ஸ் 2000ஆம் ஆண்டிலேயே இத்துறையில் முழுநீளப் படங்களைத் தந்தது தமிழ்நாட்டுக்குப் பெருமைதான். எனினும் சிறுவர் படங்களில் இம்முறை தந்த விளைவு மெச்சத்தக்கதாக இல்லை. பதிவான அசைவு உண்மையானது, ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. ஹாலிவுட்டின் பெரும் பொருட்செலவில் உருவான 'தி போலார் எக்ஸ்பிரஸ்' (2004) படத்தின் முகங்கள்கூட உயிரற்ற விழிகளோடு இருப்பதாகவே விமர்சிக்கப்பட்டன.

பிக்சாரின் வெற்றியிலிருந்து வணிக உலகம் தவறான பாடத்தைக் கற்றது. 2002இல் டிஸ்னியின் 'ட்ரெஷர் பிளானட்' பெருநட்டம் அடைந்ததும் பழி பென்சில் மேல் விழுந்தது. 2004இன் 'ஹோம் ஆன் தி ரேஞ்ச்' படத்தோடு அந்நிறுவனம் கைவரைவைக் கைவிட்டது. அதே 2002இல், நீர்வண்ணப் பின்னணிகளோடு கையால் வரைந்த 'லைலோ அண்ட் ஸ்டிட்ச்' அதே நிறுவனத்துக்கு வெற்றி தந்ததை யாரும் கணக்கில் கொள்ளவில்லை. பிறகு 'தி பிரின்சஸ் அண்ட் தி ஃபிராக்' (2009) வந்தபோதிலும் பழைய நிலை மீளவில்லை. மியசாகியோ 2008இல் 'போன்யோ' படத்தை, அதன் கடலும் அலைகளும் உட்பட, சுமார் 1,70,000 கைவரைபடங்களால் உருவாக்கினார்.

அண்மைக்காலத்தில் இரு மரபுகளும் ஒன்றிடம் மற்றொன்று கற்கத் தொடங்கியிருப்பது நம்பிக்கை தருகிறது. 'ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்' (2018) என்ற கணினிப் படத்தில், இன்னும் தேர்ச்சி பெறாத மைல்ஸ் ஒவ்வொரு நிலையிலும் இரண்டு சட்டகங்கள் நிற்க, அனுபவசாலியான பீட்டர் சட்டகம்தோறும் அசைகிறார்; கைவரைவின் சிக்கன முறை இங்கே பாத்திரப் படைப்பாகிவிட்டது. மறுபக்கத்தில் ஸ்பெயினின் செர்ஜியோ பாப்லோஸ், 'கிளாஸ்' (2019) படத்தில் கையால் வரைந்த உருவங்களுக்குக் கணினியின் துணையோடு ஒளியும் திரட்சியும் ஊட்டினார். அயர்லாந்தின் கார்ட்டூன் சலூன் 'வுல்ஃப்வாக்கர்ஸ்' (2020) படத்தில் நகரத்தை மரச்செதுக்கு அச்சுப் போன்ற விறைத்த கோடுகளாலும், காட்டை அழிக்கப்படாத முன்வரைவுக் கோடுகளோடும் வரைந்து, அடக்குமுறையையும் விடுதலையையும் குழந்தைக்குக் கண்ணாலேயே உணர்த்தியது.

கருவியைவிட உற்றுநோக்கலே முக்கியம் என்பதால், இந்தியாவில் அனிமேஷன் கற்பிக்கும் நிறுவனங்கள் மாணவர்களை மென்பொருளின் முன் அமர்த்துவதற்கு முன்னால், குறைந்தது ஓராண்டாவது பென்சிலோடு தெருவுக்கும் பள்ளி மைதானத்துக்கும் அனுப்பி, குழந்தைகள் காலணி மாட்டுவதையும் படியேறுவதையும் கோபித்து ஓடுவதையும் வரையச் செய்ய வேண்டும். பின்னர் அவர்கள் எந்தக் கருவியை எடுத்தாலும் குறையில்லை.