இந்தியன் ஓஷன்: நீண்ட மேடை வாழ்வும் மாறாத பாட்டுப்பட்டியலும்

இந்தியன் ஓஷன் 1990-ல் தில்லியில் உருவான ராக் இசைக்குழு. நாட்டார் பாடல், ராக அமைப்பு, ராக் தாளக்கட்டு ஆகியவற்றை இணைத்துப் பாடும் இக்குழு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மேடையில் நீடிக்கிறது. திரையிசை அனைத்தையும் உள்ளிழுத்துக்கொள்ளும் ஒரு நாட்டில் இது அரிய நிகழ்வு.

சென்னையிலும் ராக் குழுக்கள் இருந்தன. ஏ.ஆர். ரகுமான் இளமையில் 'ரூட்ஸ்', 'நெமிசிஸ் அவென்யூ' ஆகிய குழுக்களில் வாசித்தார். 'ரூட்ஸ்' குழுவில் டிரம்ஸ் சிவமணியும் இருந்தார். ஆனால் கலைஞர்கள் புகழ்பெற்றது திரைப்படங்கள் வழியாகத்தான். குழுக்களின் பெயர்கள் அவர்களுடைய வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு வரியாகச் சுருங்கிவிட்டன. இந்தியன் ஓஷனில் நேர்மாறாக, ஆட்கள் மாறியும் குழுவின் பெயர் நின்றது. அப்பெயருடன் அதன் இசையும் நின்றதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தோற்றம்

கிதார் கலைஞர் சுஸ்மித் சென்னும், தபலாக் கலைஞரும் பாடகருமான அஷீம் சக்ரவர்த்தியும் 1980-களின் நடுவில் சேர்ந்து வாசிக்கத் தொடங்கினர். குழுவின் பெயரைப் பரிந்துரைத்தவர் சுஸ்மித்தின் தந்தை. பாஸ் கிதார் கலைஞர் ராகுல் ராம் 1991-லும் டிரம்ஸ் கலைஞர் அமித் கிலம் 1994-லும் இணைந்தனர். ராகுல் ராம் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சூழல் நச்சியலில் முனைவர் பட்டம் பெற்றவர், நர்மதா அணை எதிர்ப்பு இயக்கத்தில் பணியாற்றியவர். முதல் இசைத்தொகுப்பை எச்.எம்.வி. நிறுவனம் 1993-ல் வெளியிட்டது.

இசைமுறை

இக்குழுவின் புகழ்பெற்ற பாடல்களில் பல ஏற்கெனவே மக்களிடம் இருந்தவை. 'கண்டீஸா' கேரளச் சிரியன் கிறிஸ்தவர்கள் தேவாலயத்தில் பாடும் பழைய சிரியாக் மொழித் துதி. 'மா ரேவா' நர்மதை நதியைப் பாடும் நாட்டார் பாடல். 'ஜீனி' கபீரைத் தழுவியது. வரிகள் குறைவு; வாத்தியப் பகுதிகள் நீளம்.

மார்கழிக் கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இம்முறை அன்னியமானதல்ல. நிரவலில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்து விரிவதைப் போல, 'கண்டீஸா'வில் ஒரே துதி குரல் மேல் குரலாக அடுக்கப்பட்டு உச்சத்துக்குச் செல்கிறது. இணைப்பிசை முயற்சிகள் பலவற்றில் இந்திய இசை ஒரு பத்தியும் மேற்கத்திய இசை ஒரு பத்தியுமாக மாறிமாறி வரும். இங்கே அந்தத் தையல் தெரிவதில்லை. சுஸ்மித்தின் கிதார், பாடலுக்குப் பின்னணியாக நிற்காமல் ராகச் சாயலுள்ள மெட்டுகளைத் தானே எடுத்துச் சென்றது. அஷீம் பாடிக்கொண்டே தபலாவும் வாசித்ததால் குரலும் தாளமும் ஒரே மூச்சிலிருந்து வந்தன.

மேடையும் பதிவும்

வீதி நாடகக் கலைஞர் சஃப்தர் ஹாஷ்மி 1989 ஜனவரி 1 அன்று தில்லிக்கு அருகே நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு, மறுநாள் இறந்தார். 1997 ஜனவரி 1 அன்று அவர் நினைவாக நடந்த நிகழ்ச்சியில் இந்தியன் ஓஷன் வாசித்ததன் நேரடிப் பதிவே 'டெசர்ட் ரெயின்'. 2000-ல் வந்த 'கண்டீஸா' தொகுப்பு குழுவை நாடெங்கும் கொண்டுசென்றது. 'ஜீனி' 2003-ல் வெளியானது.

திரைப்படத்துக்கும் குழு இசையமைத்தது. அனுராக் காஷ்யப்பின் 'பிளாக் ஃபிரைடே' வழக்கு காரணமாகத் தடைபட்டு 2007-ல்தான் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. ஆனால் பியூஷ் மிஸ்ரா எழுதிய 'பந்தே' பாடல் அதற்கு முன்பே வெளியாகி மேடைப் பாடலாகிவிட்டது. 2015-ல் 'மசான்' படத்துக்கும் இசையமைத்தனர். திரைப்படம் இவர்களுக்கு ஒரு கிளை மட்டுமே.

இழப்பும் மாற்றமும்

அஷீம் சக்ரவர்த்தி 2009 டிசம்பர் 25 அன்று காலமானார். அவர் குரல் பதிவான '16/330 கஜூர் ரோடு' தொகுப்பை 2010 முதல் மாதத்துக்கு ஒரு பாடலாக இணையத்தில் இலவசமாக வெளியிட்டனர். குழு பயிற்சி செய்துவந்த தில்லி வீட்டின் முகவரியே அத்தொகுப்பின் பெயர். அஷீமின் இடத்துக்கு இருவர் தேவைப்பட்டனர்: பாடுவதற்கு ஹிமான்ஷு ஜோஷி, தபலாவுக்கு துஹின் சக்ரவர்த்தி. 2013-ல் சுஸ்மித் சென் விலகினார். நிகில் ராவ் கிதாருக்கு வந்தார். நிறுவனர் இருவரும் இல்லாத முதல் தொகுப்பு 2014-ல் வந்த 'தந்தானு'. ஷங்கர் மகாதேவன், வயலின் குமரேஷ், கஞ்சிரா செல்வகணேஷ் உள்ளிட்ட பலர் இதில் விருந்தினராகப் பங்கேற்றனர். 'தூ ஹை' 2023-ல் வெளிவந்தது.

மதிப்பீடு

'தந்தானு'வில் வாசிப்புத் திறனுக்குக் குறைவில்லை. ஆனால் பாடலுக்குப் பாடல் விருந்தினரின் முத்திரையே முன்னால் நிற்கிறது. 'கண்டீஸா' காலத்தில் ஒரு மெட்டு எங்கே போகும் என்று நால்வரும் ஒருவரையொருவர் கவனித்தபடி காத்திருக்கும் இழுவிசை இருந்தது. பிற்காலத் தொகுப்புகளில் அது தளர்ந்திருக்கிறது. இருபது ஆண்டு கடந்தும் ரசிகர்கள் மேடையில் 'கண்டீஸா', 'மா ரேவா', 'பந்தே' ஆகியவற்றையே கேட்கிறார்கள் என்பதும் இதையே காட்டுகிறது.

ஒரே பாடலைத் திரும்பப் பாடுவது குற்றமல்ல. கச்சேரி மேடையில் ஒரு கீர்த்தனையை நூறு முறை கேட்டவரும் மறுபடி கேட்க வருகிறார், அன்றைய மனோதர்மத்துக்காக. இக்குழுவையும் அந்த அளவுகோலால் மதிப்பிடுவதே நியாயம். பாடலின் நடுவிலுள்ள திறந்த வெளியில் அன்று புதிதாக ஏதேனும் நிகழும்போது இந்தியன் ஓஷன் இன்றும் உயிருள்ள குழு. பதிவை அப்படியே ஒப்பிக்கும்போது அது தன் நினைவுச்சின்னம் மட்டுமே.

சென்னையில் 2018 ஜனவரியில் கானா, பறை, ராப், ராக் ஆகியவற்றை இணைத்து 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் மேடை ஏறியது. அதைப் போன்ற குழுக்களுக்கு இந்த வரலாற்றில் பாடம் உண்டு. பாடல்களின் வேர் மக்களிடம் இருந்ததால்தான் நிறுவனர்கள் நீங்கிய பிறகும் அவை தொடர்ந்து ஒலித்தன. ஆனால் அப்பாடல்களைத் திறந்து வாசிக்கும் பழக்கம் ஆட்களிடம் இருந்தது. அது அடுத்தவருக்குக் கைமாறாவிட்டால் எஞ்சுவது பெயரும் பட்டியலும்தான்.